பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன

அத்தையின் பார்சல் கடைக்கு வாரம் ஒரு வலைப்பதிவு எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தகவல்தொடர்பு படித்து முடித்து, சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, யாரோ விற்கும் ஏர்கானுக்கும் யாரோ விற்கும் மெத்தைக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. எந்தத் தேதியில் எந்தப் பதிவு என்று அதில் கட்டம் கட்டமாக வண்ணம் பூசியிருக்கும். நான் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. முன்பின் படுத்தே பார்க்காத மெத்தையைப் பற்றி வாராவாரம் எழுதுகிறவளுக்கு, ஓடி விளையாடி வளர்ந்த கடையைப் பற்றி எழுதுவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

பெரிய விஷயமாகத்தான் போயிற்று.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேக்காவில் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், கைப்பேசிக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே இருக்கிறது. அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கடை முழுக்க முழுக்க அத்தையுடையது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவார்கள். சோப்பு, பால்மாவு, தைலம், சாக்லேட், போர்வை, பிள்ளைகளுக்குப் பொம்மை என்று வாங்கிக்கொண்டு அத்தையிடம் வந்து பெட்டி கட்டுவார்கள். பெட்டி கப்பலேறிச் சென்னைக்குப் போய், சுங்கச் சோதனை முடிந்து, வண்டியேறி அவரவர் ஊர் வீட்டு வாசலில் இறங்கும். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் பெட்டியை அனுப்பியவரின் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டும் அத்தையின் தொலைபேசி எண்ணும்தான்.

அதனால் அத்தையின் போன் ஓயாது. "அக்கா, பெட்டி எங்க இருக்கு?" அத்தை குளித்துக்கொண்டிருந்தாலும் இதே கேள்வி, கோயில் வரிசையில் நின்றாலும் இதே கேள்வி.

பெட்டி கட்டுவதில் அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு பக்கமும் பட்டையான டேப் ஒட்டி, பெயரும் ஊரும் எழுதி முடித்ததும், கறுப்பு மார்க்கரால் ஒரு மூலையில் உருண்டையாக ஒரு பொட்டு வைப்பார். திருஷ்டிப் பொட்டு. குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதைப் போல.

"கடல் தாண்டிப் போகுது. எத்தன கண்ணு பாக்கும்?" என்பார். அந்தப் பொட்டு இல்லாமல் எந்தப் பெட்டியும் கடையைவிட்டு இறங்கியதில்லை.

நான் வலைப்பதிவைத் தொடங்கிய விதம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. முதல் மாதம் முழுவதும் எழுத்துரு தேர்ந்தெடுத்தேன். பிறகு நிறம். நீலமா, பச்சையா? கப்பல் என்றால் நீலம்தானே, ஆனால் எல்லாச் சரக்கு நிறுவனமும் நீலம்தானே. பிறகு சின்னம். ஒரு பெட்டிக்கு இரண்டு இறக்கை வரைந்து அத்தையிடம் காட்டினேன்.

"என்ன பாப்பா இது, கொசுவா?" என்றார்.

முதல் பதிவை ஆங்கிலத்தில் எழுதினேன். தங்கு தடையற்ற சரக்குத் தீர்வுகள், வாடிக்கையாளர் அனுபவம் என்று அலுவலகத்துச் சொற்களை எல்லாம் இறக்கியிருந்தேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்கு. இது யாரு கடை?"

"நம்ம கடைதான் அத்தை."

"நம்ம கடையா? நான்கூட ஏதோ பேங்க்னு நெனச்சேன் லா." அத்தையின் பேச்சில் இந்தச் சிங்கப்பூர் 'லா' அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிறகு தமிழுக்கு வந்தேன். தமிழர்கள் பழைய காலத்தில் கடல் கடந்து வணிகம் செய்ததிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல அத்தையின் கடை வரைக்கும் வந்து சேர்கிற ஒரு நீண்ட கட்டுரை. நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பாய்மரக் கப்பலைத் தாண்டவே முடியவில்லை. நீராவிக் கப்பல் வருவதற்குள் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எனக்கு எதையும் தொடங்கும்போது இருக்கிற வேகம் நடுவில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பெரிதாக வேண்டாம், கடையில் நடப்பதையே எழுதுவோம் என்று இறங்கினேன். அங்கேதான் உண்மையான தடை காத்திருந்தது.

ஒரு வாரம், அனுப்பிய பெட்டிகள் எல்லாம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தன. அதை எழுதினேன். அத்தை பதறிப்போனார்.

"எல்லாம் நல்லபடியா சேந்துச்சுன்னு ஊரக் கூட்டியா சொல்லுவாங்க? கண்ணு பட்டுடும். எடு அத."

எடுத்துவிட்டேன்.

இன்னொரு வாரம், ஒரு பெட்டிக்குள் தைலப் புட்டி உடைந்து புடவையெல்லாம் நாறிப்போனது. அதை எழுதி, புட்டிகளை எப்படிச் சுற்ற வேண்டும் என்று படம் போட்டேன்.

"நம்ம கடையில ஒடஞ்சுச்சுன்னு நாமளே எழுதுறதா? எதிர்க்கடைக்காரன் காசு கொடுத்தாவது இத எழுதச் சொல்லியிருப்பான். எடு."

அதையும் எடுத்தேன்.

ஆக நல்லது நடந்தால் திருஷ்டி, கெட்டது நடந்தால் வியாபாரம் போய்விடும். மிச்சம் இருப்பது ஒன்றும் நடக்காத வாரங்கள். அப்போது எழுத எதுவும் இல்லை. வலைப்பதிவு மாதக் கணக்கில் அப்படியே கிடந்தது. இறக்கை முளைத்த பெட்டி மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் யாராவது, "உன் அத்தை கடை வலைப்பதிவு என்னாச்சு?" என்று கேட்டால், நேரமே இல்லை என்பேன். நேரம் இருந்தது. படுத்துக்கொண்டு கைப்பேசியில் பிறர் கடைகளின் வலைப்பதிவுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அளவுக்கு நேரம் இருந்தது.

அது எப்படி மாறியது என்றால், அத்தையின் போனால்தான். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக தோ பாயோ நிலையத்தில் ரயிலேறினேன். அதற்குள் அத்தை மூன்று முறை அழைத்துவிட்டார். முந்தின நாள் கட்டிய பெட்டிகள் என்றைக்குக் கப்பல் ஏறும் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம், பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டதாம். "நீதான் படிச்சவளாச்சே, எல்லாருக்கும் ஒரேடியா சொல்ற மாதிரி ஏதாவது பண்ணு லா."

ரயிலில் நின்றபடியே தட்டினேன். நேற்றுக் கட்டிய பெட்டிகள் புதன்கிழமை துறைமுகத்துக்குப் போகின்றன. அதற்கு முந்தின வாரத்துப் பெட்டிகள் கடலில். அதற்கும் முந்தினவை சென்னையில், சுங்கச் சோதனையில். அவ்வளவுதான். ராஃபிள்ஸ் பிளேஸில் ரயில் மாறுவதற்குள் எழுதி முடித்து, பதிவேற்றி, அத்தையின் வாடிக்கையாளர் குழுவில் இணைப்பை அனுப்பிவிட்டேன். படம் இல்லை, தலைப்பில் அழகில்லை. அதை ஒரு பதிவு என்றுகூட நான் நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் அத்தை அழைத்தார். "பாப்பா, இன்னிக்கு நிம்மதியா சோறு சாப்பிட்டேன்."

அடுத்த திங்களும் எழுதினேன். அதற்கடுத்ததும். நொவீனா நிலையத்தில் முதல் வரி, சிட்டி ஹால் நிலையத்தில் கடைசி வரி. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, பெட்டிகள் எங்கே என்பது மட்டும். இதில் அத்தைக்கும் ஆட்சேபணை இல்லை. அட, பிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை. அதோடு, இதையே இன்னும் நன்றாகச் செய்யலாமே என்ற அரிப்பும் உடனே தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் கப்பல் பட்டறை அண்ணன் என்று நாங்கள் சொல்கிற ஒருவர் ஒரு பெட்டி கட்ட வந்தார். ஊர் அறந்தாங்கிப் பக்கம். வெல்டர். கடைக்கு நெடுநாள் வாடிக்கை. வழக்கமாக ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் தேநீர் ஒன்றைக் குடித்துவிட்டுப் போகிறவர், அன்று ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசைமேல் பரப்பினார். சிராங்கூன் சாலையில் வாங்கிய சின்னப் பட்டுப்பாவாடை. உருண்டை உருண்டையான சாக்லேட் டின்கள். சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை. மச்சானுக்குச் சட்டைத்துணி. தங்கைக்குப் புடவை.

"என்னப்பா, கடைய வாங்கிட்டு வந்துட்டியா?" என்றார் அத்தை.

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துக்கா. தாய்மாமன் சீரு."

"அப்ப நேர்ல போக வேண்டியதுதானே? ஒன் மடியில உக்கார வெச்சுல்ல குத்தணும்."

"லீவு இல்லங்கிறான். கப்பல் டெலிவரி இருக்காம்." அவர் பொம்மையின் சாவியை முறுக்கி மேசையில் விட்டார். அது விளிம்பு வரை நடந்தது, பிடித்துக்கொண்டார். "மடிக்கு என் தம்பி இருக்கான். அவனும் தாய்மாமன்தானே. சீராவது என்னுதா இருக்கட்டும்னுதான். சிங்கப்பூர் மாமன் என்ன செஞ்சான்னு மச்சான் வீட்டுப் பக்கம் கேப்பாங்கல்ல. சபையில தங்கச்சி தல குனியக் கூடாது."

அத்தை டேப்பை எடுத்தார். சாக்லேட் டின்களைப் போர்வைக்குள் சுற்றி, பட்டுப்பாவாடையை நடுவில் வைத்து, தானே கட்டினார். கடைசியில் பொட்டு வைக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தார். நான் எல்லாப் பெட்டிகளையும் அனுப்புவதற்கு முன் படமெடுப்பதுபோல் இதையும் எடுத்தேன்.

"விசேஷத்துக்கு முன்னாடி சேந்துடுமாக்கா?"

"சேந்துடும்பா. ஒரு வாரம் முன்னாடியே சேந்துடும்."

அதன் பிறகு திங்கள்தோறும் நான் எழுதும் ஏதோ ஒரு வரியில் அந்தப் பெட்டியும் இருந்தது. துறைமுகத்தில். கடலில். சென்னையில், சுங்கச் சோதனையில். அதோடு நின்றது. சென்னையில் சரக்கை எடுக்கிற முகவரிடம் கேட்டேன். கொள்கலன்கள் குவிந்துவிட்டன, வரிசையில் நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அடுத்த திங்கள் காலை மறுபடி கேட்டேன்.

"அப்படியே நிக்குதுங்க மேடம். புதுசா ஒண்ணும் இல்ல."

ரயிலில் நின்றுகொண்டு யோசித்தேன். என்ன எழுதுவது? போன வாரம் எழுதிய அதே வரியையா? அத்தையை அழைத்தேன்.

"ஒண்ணும் இல்லாததுக்கு என்னத்த எழுதுவ? நகந்ததும் எழுது லா," என்றார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஒரு பெட்டி தேக்காவிலிருந்து கிளம்பி ஊர் வாசல் வரைக்கும் போகும் வழியை அழகான படமாக வரைந்து போட வேண்டும் என்று ஒரு யோசனை வைத்திருந்தேன். இந்த வாரம் அதற்கு நேரம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். கடலுக்கு எந்த நீலம் என்று நியூட்டன் நிலையத்திலிருந்து தஞ்சோங் பகார் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

செவ்வாயன்று அத்தையின் போன் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. புதனன்று இன்னும் அதிகம். ஆனால் கேள்வி மாறியிருந்தது. பெட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லையாம். "என்னக்கா, ஏதும் பிரச்சனையா?" என்றார்களாம். அத்தை ஒன்றுமில்லை என்று சொன்னாலும், மறுபடி அதையே கேட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கடைக்குப் போனேன். சந்தில் வழக்கமான கூட்டம் இருந்தது. ஆனால் எங்கள் கடை முன்னால் நின்றவர்கள் யார் கையிலும் பை இல்லை. கட்டுவதற்கு மடித்து வைத்த அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அப்படியே சாய்ந்திருந்தன.

"கப்பல் கவுந்துருச்சாமே?" என்றார் ஒருவர்.

"ஆமா, ஒன் பெட்டியில நீ அமுக்கி வெச்ச சோப்பு வெயிட்டுக்கு விமானம்னாலும் கவுந்துரும்," என்றார் அவர் பக்கத்தில் நின்றவர். சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

"யாருப்பா கவுந்துச்சுன்னு சொன்னது?" அத்தை டேப்பைக் கீழே வைத்தார். "இத்தன வருசத்துல ஒரு பெட்டி காணாமப் போனதுன்னு உண்டா?"

"நாங்க தங்குற டோம்ல பேசிக்கிட்டாங்கக்கா. கடையிலயே எழுதுறத நிறுத்திட்டாங்க, அப்ப ஏதோ ஆயிருச்சுன்னு."

எனக்குக் கடலின் நீலத்தைப் பற்றி யோசித்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

கப்பல் பட்டறை அண்ணன் அப்போதுதான் வந்தார். வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை சாயங்காலம் ரூம்ல நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன் தங்கச்சி," என்றார். "இந்த வாரம் தட்டித் தட்டிப் பாக்குறேன், பழசே வருது. என் போனுதான் கோளாறுன்னு நெனச்சு, பக்கத்து பெட்காரன் போன்லயும் பாத்தேன். அதுலயும் பழசுதான். ஏன் எழுதல?"

"புதுசா ஒண்ணும் இல்லண்ணே. பெட்டி அங்கயேதான் இருக்கு. அதான்."

"அங்கயேதான் இருக்கா?"

"ஆமாண்ணே. சென்னையில. காலையிலகூடக் கேட்டேன்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத எழுதியிருக்கலாம்ல. நான் வாரம் பூரா என்னென்னமோ நெனச்சுட்டேன்."

அந்த நிமிடம் எனக்குப் புரிந்ததைச் சொல்ல அலுவலகத்தில் கற்ற எந்தச் சொல்லும் உதவாது. எனக்கு அது ஏற்கெனவே சொன்ன செய்தி. அவருக்கு அந்தத் திங்களுக்கே ஏழு நாள் பழையதாகிப்போன செய்தி. பெட்டி போன திங்கள் அங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். இந்தத் திங்களும் இருக்கிறதா என்று யார் சொன்னது? நான் ஒன்றும் நடக்கவில்லை என்று சும்மா இருந்தேன். அவர்கள் என் சும்மாவைப் படித்துவிட்டார்கள். அதில் கப்பல் கவிழ்ந்திருந்தது.

கைப்பேசியை எடுத்தேன். "இப்பவே எழுதுறேன்."

அத்தை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு எழுதாத. இருக்கிற கஸ்டமரும் ஓடிடுவாங்க."

அவர் தாழ்த்திய குரல் சந்து முனை வரைக்கும் கேட்கும். "ஓடுறதா இருந்தா இன்னிக்கு ஏங்க்கா இங்க வந்து நிக்கிறோம்?" என்றார் சோப்புக்காரர்.

தட்டினேன். தட்டத் தட்ட வாய்விட்டும் சொன்னேன். பெட்டிகள் போன வாரம் இருந்த இடத்திலேயே, சென்னைத் துறைமுகத்தில் இருக்கின்றன. கொள்கலன்கள் அதிகம் வந்துவிட்டதால் சோதனைக்கு வரிசையில் நிற்கின்றன. எப்போது வெளியே வரும் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. "எல்லாப் பெட்டிகளும் பத்திரமாக..." என்று அடுத்த வரியைத் தொடங்கும்போது அத்தை என் கையைப் பிடித்தார்.

"பத்திரமான்னு எழுதாத. இருக்குன்னு மட்டும் எழுது."

"அத்தை, அது ஒரு ஆறுதலுக்கு."

"அக்கா சொல்றது சரிதான் தங்கச்சி," என்றார் அண்ணன். "இருக்குன்னா போதும்."

நானும் அப்படியே எழுதினேன். கீழே, கட்டிய அன்று எடுத்து வைத்திருந்த பெட்டிகளின் படங்களைப் போட்டேன். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பொட்டு. அண்ணன் தன் கைப்பேசியில் அதைத் திறந்து, வந்திருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டதைத்தான் படித்தார். ஆனாலும் எல்லாரும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள். எழுத்தில் வந்ததும் அதற்கு வேறு ஒரு கனம் வந்துவிட்டது. அன்று இரண்டு பேர் போய்ப் பைகளோடு திரும்பி வந்து பெட்டி கட்டினார்கள். மற்றவர்கள் கட்டவில்லை. அதில் சிலர் பிறகு வேறு கடைக்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பெட்டிகள் அதற்கடுத்த வாரக் கடைசியில்தான் வெளியே வந்தன. காதுகுத்துக்கு முந்தின நாள் திருச்சிக் கிடங்கில் இறங்கின. அறந்தாங்கிப் பக்கம் போகும் வண்டி மறுநாள் சாயங்காலம்தான் கிளம்பும் என்றார்கள். விழாவோ மறுநாள் காலை. அத்தை திருச்சிக்குப் போன் போட்டு, கெஞ்சி, அதட்டி, பிறகு மறுபடி கெஞ்சிப் பார்த்தார். வேறு வண்டி கிடைக்கவில்லை. அண்ணனிடம் யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் நான் அழைத்தேன்.

அவர் பட்டறையில் இருந்தார். பின்னால் இரும்பை அடிக்கிற சத்தம். சொன்னேன். அந்தச் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது கேட்டது.

"சரி," என்றார் பிறகு. "அத அப்படியே எழுதிருங்க தங்கச்சி. பெட்டி திருச்சிக்கு வந்துருச்சு, வண்டி நாளைக்குத்தான்னு. என் பெட்டி படத்தையும் போட்டுருங்க. ஊருல தங்கச்சிக்கு அனுப்பணும்."

அன்று திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் எழுதினேன். அவர் பெட்டியின் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டேன். பெயரும் எண்ணும் தெரியாமல் மறைத்து, ஊரையும் பொட்டையும் விட்டுவைத்தேன். எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. பத்து வரிகூட இல்லாத அந்தப் பதிவுக்கு முன்னால், பாய்மரக் கப்பல் கட்டுரை முழுவதும் சும்மா காகிதம் என்று தோன்றியது. ஆனால் இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. சீர்வரிசைத் தட்டில் எழுத்தையா வைக்க முடியும்?

வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்து, ஊரிலிருந்து வந்த காணொளியை எங்களுக்குக் காட்டினார். பந்தல். வரிசையாகத் தட்டுகள். பழம், பூ, வெற்றிலை, தேங்காய், தம்பி வாங்கி வைத்த சின்னத் தோடு. நடுவில் ஒரு தட்டு, அதில் தேங்காயில் சாய்த்து நிறுத்திய ஒரு கைப்பேசி. அதன் திரையில் என் பதிவு. அத்தை பெரிதாக வைத்த பொட்டோடு அந்தப் பெட்டி. அவர் தங்கை அதைக் குனிந்து படித்துக் காட்டுகிறார். நாதஸ்வரத்தில் பாதி கேட்கவில்லை. "திருச்சிக்கு வந்துருச்சு" என்பது மட்டும் கேட்டது. குழந்தை சின்ன மாமன் மடியில் உட்கார்ந்து, அழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மச்சான் வீட்டுல என்ன சொன்னாங்க?" என்றார் அத்தை. அதைக் கேட்கத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தார்.

"ஒரு பெருசு மட்டும், போன்ல சீர் காட்டுற காலம் வந்துருச்சான்னு கேட்டுச்சாம். அதுக்கு மச்சான், அனுப்புனவன் அனுப்பிட்டான், கடக்காரங்களே தேதி போட்டு எழுதியிருக்காங்க, வண்டிதான் லேட்டுன்னு சொல்லியிருக்காரு." அண்ணன் கைப்பேசியை உள்ளே வைத்தார். "மறுநாள் பெட்டி வந்ததும் புள்ளைக்குப் பாவாடையக் கட்டி, மறுபடி எல்லாரையும் கூப்புட்டுப் போட்டோ எடுத்திருக்காங்க. பொம்மையப் புள்ளைகிட்ட கொடுத்துட்டு, சாக்லேட்ட அந்தப் பெருசுக்குத்தான் மொதல்ல கொடுத்தாங்களாம்."

"தின்னுச்சா?"

"டின்னோட வாங்கிக்கிச்சாம்."

அத்தை சிரித்தார். அண்ணன் முழுவதுமாகச் சிரிக்கவில்லை. பெட்டி பந்தலுக்குள் தூக்கிவரப்படுவதைத்தான் அவர் மனத்தில் பார்த்து வைத்திருந்தார். அது நடக்கவில்லை. அதை எங்களில் யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனால் அவர் அன்றும் ஒரு பை கொண்டுவந்திருந்தார். சின்னப் பெட்டி, வெறும் சோப்பும் தைலமும். அத்தை வாங்கிக் கட்டத் தொடங்கினார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு ஒரு திங்கள்கூட எழுதாமல் விட்டதில்லை. இதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்துத் திரையில் ஒரு கட்டம் காலியாகப் போனால் மேலாளர் ஒருவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மெத்தைக்காக யாரும் பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கிப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எழுத விஷயம் தேடும் வழிகள்தான். இந்தக் கடைக்கு விஷயம் ஒருநாளும் பஞ்சமாக இருந்ததில்லை என்று இப்போது தெரிகிறது. சுவாரசியமாக இல்லாத ஒன்றை என் பெயரைச் சேர்த்து வெளியே அனுப்ப எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நேரமில்லை, ஆராய்ச்சி, நீல நிறம் என்று வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இறக்கை முளைத்த சின்னத்தை எடுத்துவிட்டு, அத்தையின் கறுப்புப் பொட்டை வைத்திருக்கிறேன். அத்தைக்கு அதில் பரம திருப்தி. தைலப் புட்டி உடைந்தால் இப்போது எழுத விடுகிறார். எல்லாம் நல்லபடியாகச் சேர்ந்தது என்று எழுத இன்றைக்கும் அனுமதி இல்லை. சேர்ந்தன என்று மட்டும் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்று காலை ரயில் நொவீனாவைத் தாண்டும்போது அத்தை அழைத்தார். சென்னையில் ஏதோ விடுமுறை, இரண்டு நாளாக எதுவும் அசையவில்லை.

"எழுதிட்டியா பாப்பா?"

"புதுசா ஒண்ணும் இல்ல அத்தை."

"தெரியும். அத எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

"சீக்கிரம் போடு லா. நான் குளிக்கப் போகணும்."